தரிசு எனப்பட்ட தேன்நிலம்
மட்டக்களப்பு மேய்ச்சற்றரைகளின் பூக்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு நாட்டுக்கு வழங்கும் சிறப்புப் பெயர்களுள் ‘மீன் பாடும் தேன் நாடு’ என்பது யாவரும் அறிந்ததொன்றாகும். இத்தொடரின் முற்பகுதி பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. வாவியின் அடியிலிருந்து எழும் இசையொலியைத் தாம் கேட்டவாறே எமேர்சன் டெனன்ற் 1859 ஆம் ஆண்டு வெளியான தமது நூலிற் பதிவு செய்தார். 1947 இல் யாழ்நூலைத் தமிழுலகுக்கு அளித்த விபுலாநந்த அடிகளும் அவ்வொலியில் ஈடுபாடு கொண்டவராவார். ஆயின், தொடரின் பிற்பகுதியாகிய ‘தேன்’ பற்றி நாம் அத்துணை சிந்தித்தோமல்லோம். வளத்தைக் குறிக்கும் புகழ்ச்சிச் சொல் எனக் கொண்டு அதனைக் கடந்து சென்றுவிடுகின்றோம்.

தேன் என்பது வெறும் உவமையன்று. அது ஒரு விளைபொருள். விளைபொருள் எதற்கும் ஒரு விளைநிலம் இருத்தல் வேண்டும். நெல்லுக்கு வயல் உண்டு. தென்னைக்குத் தோட்டம் உண்டு. தேனுக்குரிய நிலம் எது? அந்நிலம் எவர் கையில் இருந்தது? வரலாற்றேடுகளில் அதற்கு என்ன பெயர் இடப்பட்டது? இவ்வினாக்களை எழுப்பி, மட்டக்களப்பின் மேய்ச்சற்றரைகளும் புற்காடுகளும் அவற்றிற் பூக்கும் காட்டுப்பூக்களும் தேனீக்களின் வாழ்வை எவ்வாறு வகுத்தன என்பதையும், அந்நிலங்கள் ‘தரிசு’ என்ற சொல்லுக்குள் எவ்வாறு அடங்கிப்போயின என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்தின் இயல்பு

புளியந்தீவு வாவியின் நடுவே அமைந்த சிறு தீவு. அதன் பெயர்க்காரணம் பற்றி இரு மரபுகள் வழங்குகின்றன. புளியன் என்ற வேடர் தலைவனின் பெயரால் அமைந்தது என்பது ஒன்று. புளியமரங்கள் நிறைந்திருந்தமையால் அமைந்தது என்பது மற்றொன்று. இவற்றுள் எது மெய் என்பதைத் துணிவது இங்கு நமது வேலையன்று. ஆயினும் வேடர் தேனெடுப்போர் என்பதும், புளியம்பூ தேனீக்கள் விரும்பி நாடும் பூ என்பதும் நினைவுகொள்ளத் தக்கன. போர்த்துக்கேயர் 1628 இல் இத்தீவிலே கோட்டை அமைத்தனர். 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அன்று தொட்டு இத்தீவு ஆட்சியின் இருப்பிடமாயிற்று. கட்டளைகள் இங்கிருந்து சென்றன. நெல்லும் தேனும் மெழுகும் மான்தோலும் உள்நாட்டிலிருந்து வந்தன.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் கிழக்கே கடலையொட்டிய எழுவான்கரையும், மேற்கே படுவான்கரையும் அமைந்துள்ளன. எழுவான்கரை மணற்பாங்கானது, தென்னையும் ஊர்களும் செறிந்தது. படுவான்கரையில் வயல்வெளிகள் பரந்துள்ளன. அவற்றுக்கு அப்பால் மேட்டுநிலங்களும் மேய்ச்சற்றரைகளும் பற்றைக்காடுகளும் அடர்காடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து, பண்டு விந்தனை என வழங்கிய பகுதி வரை செல்கின்றன. மேலும் தெற்கே நில்கல என்னுமிடத்தில் உயர்ந்த புற்களிடையே கடு, தான்றி, நெல்லி, வேங்கை முதலிய மரங்கள் தனித்தனியே நிற்கும் புற்காடு உள்ளது.

தொல்காப்பியர் வகுத்த நிலப்பாகுபாட்டை இங்குப் பொருத்திப் பார்ப்பது பயன்தரும். வாவிக்கரையும் கடற்கரையும் நெய்தல், வயல் மருதம், மேய்ச்சற்றரையும் பற்றைக்காடும் முல்லை. முல்லைக்கு இலக்கணங் கூறுவோர் காடு என்பதோடு அமையாது ‘காடு சார்ந்த நிலமும்’ எனச் சேர்த்துக் கூறுவர். இந்தச் ‘சார்ந்த’ என்னும் சொல் ஆழ்ந்து நோக்கற்பாலது. ஒரு நிலத்தின் உயிர்வாழ்வை அந்நிலம் மட்டும் முடிவு செய்வதில்லை. அதனைச் சார்ந்து கிடக்கும் நிலங்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. தேனீக்களின் வாழ்வைப் பொறுத்தவரை இதுவே முதன்மையான உண்மையாகும்.

பூக்களும் அவற்றை நாடுவோரும்

மட்டக்களப்பில் மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவத்திலேயே பெய்கின்றது. மழை ஓய்ந்ததும் புற்றரையில் சிறுபூண்டுகள் பூக்கத் தொடங்குகின்றன. தும்பை, கொழுஞ்சி, கிலுகிலுப்பை, விஷ்ணுகிரந்தி, நெருஞ்சி, தொட்டாச்சுருங்கி என அவை பலவாகும். இவற்றிடையே ஆவாரையும் எருக்கும் புதராக நிற்கின்றன. வெயில் ஏற ஏறச் சிறுபூண்டுகள் வாடுகின்றன. அக்காலத்தில் பாலை, வீரை, நாவல், இலுப்பை, மருது முதலிய மரங்கள் தத்தம் முறையிற் பூத்து உணவளிக்கின்றன. வாவியோரத்தில் கண்ணாவும் தில்லையும் பூக்கின்றன. இவ்வாறு ஒரு நிலத்திற் பூ ஒழியும்போது மற்றொரு நிலத்திற் பூ மலர்கின்றது.

இப்பூக்களை நாடி வருவோரும் பலராவர். தேன் என்றதும் நமக்கு ஒருவகைத் தேனீயே நினைவுக்கு வரும். உண்மையில் தேன் சேர்க்கும் ஈக்கள் இந்நாட்டில் நால்வகைப்படும். பாறையிடுக்கிலும் உயர்ந்த மரக்கிளையிலும் பெரிய ஒற்றை வதை கட்டுவது மலைத்தேனீ. மரப்பொந்திலும் புற்றிலும் அடுக்கடுக்காக வதை கட்டுவது பொந்துத்தேனீ. தாழ்ந்த புதர்க்கிளையில் கையளவு வதை கட்டுவது கொம்புத்தேனீ. கொட்டும் ஆற்றலின்றிச் சிறு துவாரங்களுக்குள் வாழ்வது கொசுத்தேனீ. இவையன்றித் தேன் சேர்த்து வையாது தனித்து வாழும் ஈக்கள் மிகப் பல. மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் கருவண்டு, இலையை வட்டமாக வெட்டிச் செல்லும் இலைவெட்டித் தேனீ, நிலத்தில் வளை தோண்டும் நீலவரித் தேனீ ஆகியன அவற்றுட் சில. இலங்கையில் இதுவரை அறியப்பட்ட தேனீயினங்கள் ஏறத்தாழ 150 ஆகும். வண்ணத்துப்பூச்சிகளும் பூவை நாடும் ஈக்களும் இவற்றின் வேறாவன.

எல்லாப் பூவும் எல்லார்க்கும் பயன்படுவதில்லை. ஆவாரையின் மகரந்தப்பை நுனியில் சிறு துளை மட்டுமே கொண்டது. கருவண்டு போன்றன அதனைப் பற்றிக்கொண்டு சிறகுத்தசைகளை அதிரச்செய்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. தேன் தரும் நால்வகை ஈக்களுக்கும் அவ்வித்தை தெரியாது. நாம் உண்ணும் கத்தரியின் பூவும் இவ்வகையினதே. கிலுகிலுப்பையின் மூடிய பூவைத் திறப்பதற்கு உடல்வலிமை வேண்டும். அதனைப் பெரிய வண்டுகளும் இலைவெட்டித் தேனீக்களுமே செய்கின்றன. தும்பையின் சிறுகுழலுக்கோ சிறிய நாவே போதும். எனவே ஒரு புற்றரையில் எத்தனை வகைப் பூக்கள் உள்ளனவோ அதற்கேற்பவே அங்கு வாழும் மகரந்தக்காவிகளின் வகையும் அமைகின்றது. பூவகை குறைந்தால் வருவோர் வகையும் குறையும். எண்ணிக்கையில் மிகுந்த ஓரிரு இனங்கள் எஞ்சிநிற்க, ஏனையவை அரவமின்றி மறையும்.

உணவு மட்டும் இருந்தாற் போதாது, உறைவிடமும் வேண்டும். நீலவரித் தேனீக்கு உழாத மண் வேண்டும். கருவண்டுக்குப் பட்டமரம் வேண்டும். பொந்துத்தேனீக்கு முதிர்ந்த மரத்தின் பொந்து வேண்டும். புற்றரையிற் பூவும் அருகிலுள்ள காட்டிற் பொந்தும் கிடைத்தாலன்றிப் பொந்துத்தேனீ அப்புற்றரைக்கு வராது. கொசுத்தேனீ தன் கூட்டிலிருந்து சில நூறு மீற்றருக்குள்ளேயே இரைதேடும். பொந்துத்தேனீ பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள் அடங்கும். மலைத்தேனீ பல கிலோமீற்றர் செல்லவல்லது. ஆகவே ‘சார்ந்த நிலம்’ என்பதன் எல்லை ஒவ்வோர் இனத்துக்கும் வெவ்வேறாகும்.

மேனாட்டு ஆய்வுகளும் இதனை வலியுறுத்துகின்றன. ஜேர்மனியில் நிகழ்ந்து 2002 இல் வெளியான ஆய்வொன்று, தனித்துவாழும் காட்டுத்தேனீக்களின் தொகையும் வகையும் ஏறத்தாழ 750 மீற்றர் சுற்றாடலிலுள்ள இயற்கை நிலங்களோடு தொடர்புறுவதையும், வளர்ப்புத்தேனீயின் வருகை 3,000 மீற்றர் வரையான சுற்றாடலோடு தொடர்புறுவதையும் எடுத்துக்காட்டியது. பூநிறைந்த புற்றரை ஒன்று வெறும் வயலின் நடுவே தனித்துக் கிடப்பின் அதன் பூக்களுட் பல விருந்தினரைக் காணாமலே உதிரும் என்பதே இதன் கருத்தாகும்.

பழைய சான்றுகள்

தேன் பற்றி இலங்கையிற் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளுள் றொபேட் நொக்சின் நூல் குறிப்பிடத்தக்கது. 1660 இல் கொட்டியாரக் குடாவிற் பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிருந்து மீண்ட அவர், 1681 இல் தமது நூலை வெளியிட்டார். அதில் அவர் மூவகைத் தேனீக்களை வேறுபடுத்திக் காட்டுகின்றார். பொந்துகளில் வாழ்வன ஒருவகை. உயர்ந்த மரக்கிளைகளில் யாவரும் காணுமாறு வதை கட்டும் பெரியன ஒருவகை. மிகச் சிறியன மற்றொருவகை. பெரியவற்றின் தேனைச் சேகரிப்பதற்கு ஆண்டில் ஒரு பருவத்திலே ஊரார் நாற்பது ஐம்பது பேராகத் திரண்டு காட்டுக்குச் செல்வர் என்றும் அவர் எழுதுகின்றார். ஊர் முழுவதும் திரண்டு சென்று சுமந்து வரத்தக்க அளவு தேன் இருந்ததென்றால், அத்தேனுக்குப் பின்னே எத்துணைப் பூநிலம் விரிந்து கிடந்திருத்தல் வேண்டும் என்பதை உய்த்துணரலாம். நொக்ஸ் வாழ்ந்தது கண்டி நாட்டில் என்பது உண்மையே. எனினும் அந்நாட்டின் கிழக்குச் சரிவே மட்டக்களப்பின் மேற்கெல்லையாதலின் இச்சான்று நமக்கும் உரியதாகின்றது. வேடர் இறைச்சியைத் தேனிலிட்டு மரப்பொந்தினுள் மூடிவைத்துப் பேணினர் என அவர் கூறுவதும் ஈண்டு நோக்கத்தக்கது. தேன் அருகிய நாட்டில் அவ்வழக்கம் தோன்றியிராது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் 1854, 1855 ஆகிய ஆண்டுகளில் வெளியான தமது நூல்களில் இரு செய்திகளைத் தருகின்றார். முதலாவது, கீழைத் தாழ்நிலத்தின் பரந்த புல்வெளியும் இடையிடையே சோலையுமான தோற்றம். அதனை ஆங்கிலேயர் ‘பூங்கா நாடு’ என்னும் பொருள்படவே அழைத்தனர். இரண்டாவது, நுவரெலியா மலைகளிலே ‘நில்லு’ எனப்படும் செடி பூக்கும் காலத்தில் தேனீக்கள் அளவின்றிக் கூடுவது. நில்லு பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூப்பது; தமிழ்நாட்டு மலைகளின் குறிஞ்சியும் அதே சாதியைச் சேர்ந்ததே.

இவ்விரு செய்திகளையும் பேக்கர் தனித்தனியே எழுதினார். அவற்றை இணைத்துக் காணும் வாய்ப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியே கிடைத்தது. மலைத்தேனீக் கூட்டங்கள் பருவந்தோறும் தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்குமிடையே இடம்பெயர்வதை ஜேர்மானிய ஆய்வாளராகிய கோனிகர் இணையர் 1980 இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். மலைத்தேனீயைப் பொறுத்தவரை குறிஞ்சியும் முல்லையும் மருதமும் தனித்தனி நாடுகளல்ல. ஓராண்டு வாழ்வின் வெவ்வேறு பருவங்களாகும். கிழக்கே ஒரு புற்காடு அழிந்தால் அதன் விளைவு மலையிலும் உணரப்படும். மலைக்காடு அழிந்தால் கிழக்கின் பாறைகளில் வதைகள் குறையும்.

1911 இல் வெளியான செலிக்மன் இணையரின் ‘வேடர்’ பற்றிய நூல் மூன்றாவது சான்றாகும். வேடர் பாறைமுகட்டிலிருந்து கொடியேணி கட்டி இறங்கிப் புகையிட்டு மலைத்தேன் எடுக்கும் முறையையும், அதனோடு இணைந்த பாடல்களையும் வழிபாடுகளையும் அது விரிவாக எடுத்துரைக்கின்றது. தேனும் மெழுகும் கொடுத்து இரும்பும் துணியும் பெறுதல் அவர்தம் பண்டமாற்றின் அச்சாணியாக விளங்கியது. இதிலிருந்து நாம் அறிவது யாது? காடும் புற்றரையும் ஊரவரின் கண்ணுக்கு வெறுமையாகத் தோன்றிய காலத்தும், அங்கு வாழ்ந்தோர்க்கு அவை பெயரும் பருவமும் எல்லையும் உடைய விளைநிலங்களாகவே இருந்தன என்பதாம்.

மந்தையும் தீயும்

புற்றரை தானே தோன்றித் தானே நிலைப்பதன்று. மழை போதிய அளவு பெய்யும் மட்டக்களப்பு மண்ணில், தடுப்பாரின்றி விட்டால் புல்வெளி பற்றையாகும், பற்றை காடாகும். அதனைப் புற்றரையாகவே வைத்திருந்தவை மந்தையின் வாயும் கோடைத் தீயுமே. பெரும்போகக் காலத்திலே வயல்களிற் பயிர் நிற்குமாதலின், மாட்டுப்பட்டிகளை வயலுக்கு அப்பாலுள்ள மேய்ச்சற்றரைகளுக்குச் சாய்த்துச் செல்லுதல் படுவான்கரை வழக்கம். அறுவடை முடிந்ததும் பட்டிகள் வயலுக்குத் திரும்பும். இம்முறையால் மேய்ச்சற்றரைக்கு ஆண்டில் ஓய்வு கிடைத்தது. மந்தை நீங்கிய பின்னர் அதே தரையிற் பூண்டுகள் பூத்து வித்துதிர்த்தன. ஒருபோகம் மட்டுமே விளைந்த மானாவாரி வயல்களும் எஞ்சிய மாதங்களிற் களைப்பூ நிறைந்த தரைகளாயின. கைவிடப்பட்டுச் சில ஆண்டுகள் ஓய்ந்து கிடந்த சேனைகளும் அவ்வாறே பூநிலமாயின.

இவ்வாறு கூறுவதனால் முற்காலம் குறையற்றது எனக் கொள்ளலாகாது. தேன் எடுப்போர் வதையை முற்றாக வெட்டியெடுத்தமையும் உண்டு. அளவுக்கு மிஞ்சிய தீ மரங்களைக் கொன்றதும் உண்டு. மந்தை மிகின் பூ மொட்டிலேயே மேயப்படும். ஆயினும் நிலம் பரந்து கிடந்தது. ஓரிடத்து இழப்பை வேறோரிடம் ஈடுசெய்தது. சார்ந்த நிலம் உயிரோடிருந்தமையே அக்காலத்தின் காப்பாகும்.

‘தரிசு’ என்னும் சொல்லின் வரலாறு

இந்நிலங்களின் வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தது ஒரு சட்டம். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடு, தரிசு, குடியற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் ஆகிய யாவும், மாறாக நிறுவப்படும்வரை முடிக்குரியன எனக் கொள்ளப்படும் என விதித்தது. பல ஆண்டு இடைவெளிவிட்டே பயிரிடக்கூடிய சேனைகள், கண்டி மாகாணங்களுக்குப் புறம்பான மாவட்டங்களில், காடாகவோ தரிசாகவோ கருதப்பட்டன. 1897 ஆம் ஆண்டின் தரிசுநிலச் சட்டம் இந்நடைமுறையை மேலும் இறுக்கியது. அறிவித்தல் வெளியான பின் குறித்த தவணைக்குள் உரிமையை நிறுவாதோர் நிலத்தை இழந்தனர்.

இச்சட்டங்கள் மலைநாட்டுப் பெருந்தோட்டங்களுக்கு வழிவகுத்தமை பற்றி வரலாற்றாசிரியர் பலரும் எழுதியுள்ளனர். மட்டக்களப்பைப் பொறுத்தவரை இவற்றின் ஆழ்ந்த விளைவு வேறொன்று எனக் கருத இடமுண்டு. அது நிலத்தைப் பார்க்கும் பார்வையையே மாற்றியது. பயிர் நின்றால் நிலம், இல்லையேல் தரிசு. மேய்ச்சற்றரைக்கு உறுதி எழுதி வைத்திருந்த பட்டிக்காரர் எத்தனை பேர்? தேன் எடுத்த பாறைக்கு ஆவணம் காட்டக்கூடிய வேடர் எவர்? எழுத்தில் இல்லாத பயன்பாடு சட்டத்தின் கண்ணிற் பயன்பாடாகவே தோன்றவில்லை. பூவையும் ஈயையும் கணக்கெடுக்கும் பதிவேடும் புளியந்தீவுக் கச்சேரியில் இருந்திராது. ஆங்கிலேயர் சென்ற பின்னரும் அந்தப் பார்வை செல்லவில்லை. நமது அன்றாட வழக்கிலும் ‘சும்மா கிடக்கிற காணி’ என்றே அத்தகைய நிலத்தைக் குறிப்பிடுகின்றோம்.

இந்தப் பார்வையின் மீதே பிற்காலத்து மாற்றங்கள் எழுந்தன. ஆளுநர் வோட் காலத்து 1856 ஆம் ஆண்டுப் பாசனச் சட்டத்தையொட்டி இறக்காமம், அம்பாறை முதலிய குளங்கள் திருத்தப்பட்டன. எழுவான்கரையிலே தென்னந்தோட்டங்கள் பெருகின. தென்னம்பாளை ஆண்டு முழுவதும் விரிவதாகலின் தேனீக்கு அது நல்லுணவே. ஆனால் பல பூக்களின் இடத்தில் ஒரே பூவை அது வைத்தது. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் மாபெரும் மாற்றத்தை உண்டாக்கியது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் பள்ளத்தாக்கை மூடியது. காடும் புற்றரையும் வயலாயின. நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பகுதியில் 259 சதுர கிலோமீற்றர் 1954 இல் தேசிய வனமாக்கப்பட்டமை ஓரளவு ஆறுதலாகும். 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. பின்னர் மகாவலித் திட்டம் மாதுறுஓயாவை நோக்கி விரிந்தது.

இத்திட்டங்கள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறளித்தன. அதனை மறுப்பது நன்றிகேடாகும். ஆனால் அவற்றின் மறுபக்கத்தையும் வரலாறு எழுதவேண்டும். பாய்ச்சல் நீர் வந்ததும் வயல் இருபோகம் விளைந்தது. விளையவே, இடைக்காலப் பூநிலம் மறைந்தது. களைநாசினி வந்ததும் வரம்பிலிருந்த தும்பையும் போயிற்று. மேய்ச்சற்றரை சுருங்கச் சுருங்க எஞ்சிய தரையில் மந்தைகள் நெருங்கின; ஓய்வு ஒழிந்தது. 1826 இல் தாவரவியற் பூங்காவினூடாக இலங்கைக்கு வந்த நாயுண்ணி, வெளிகளிற் புகுந்து பரவியது. அதன் பூவில் வண்ணத்துப்பூச்சிகள் மொய்ப்பது உண்மைதான். எனினும் அதன் நிழலில் வேறு பூண்டு முளைப்பது அரிது. ஒரு விருந்து பெருகிப் பல விருந்துகள் ஒழிந்தன.

பிரித்தானியாவின் அனுபவம் நமக்கு ஓர் எச்சரிக்கையாகும். இங்கிலாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் தாழ்நிலங்களில் 1930களுக்கும் 1984 க்கும் இடையே பூநிறைந்த பழைய புல்வெளிகளுள் 97 வீதமானவை அழிந்தன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. நமது புற்றரைகளைத் தரிசு என்று எழுதிச் சென்றோர் தமது புற்றரைகளையும் காத்தாரல்லர். அவர்கள் இழந்ததை அளந்தறிந்தனர். நாம் இழந்ததை இன்னும் அளக்கவில்லை என்பதே வேறுபாடு.

நமது காலத்து வினா

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். மட்டக்களப்பின் வாழ்வு நெல்லை நம்பியது. நெல்லுக்குத் தேனீ வேண்டியதில்லை. எனவே புற்றரைப் பூக்களால் ஆகப்போவது என்ன? நெல் தன்மகரந்தச்சேர்க்கையால் விளைவது என்பது உண்மையே. ஆனால் சோறு மட்டும் உணவாகாது. பூசணியும் வெள்ளரியும் பாகலும் ஆண்பூவும் பெண்பூவும் வேறாகப் பூப்பன; ஈ வாராவிட்டாற் பிஞ்சு நில்லாது. கத்தரிக்கும் எள்ளுக்கும் மாவுக்கும் ஈக்களின் வருகை விளைச்சலைப் பெருக்குகின்றது. உலகின் முதன்மையான 115 உணவுப்பயிர்களுள் 87 ஏதோ ஓரளவில் உயிரினங்களின் மகரந்தச்சேர்க்கையால் பயன்பெறுகின்றன என 2007 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. தோட்டத்துக்கு வரும் ஈ, தோட்டம் பூக்காத மாதங்களில் எங்கு உண்டு வாழ்ந்தது? அருகிலுள்ள ‘சும்மா கிடக்கிற காணி’யில் அல்லவா!

மயிலத்தமடு, மாதவனை ஆகிய மேய்ச்சற்றரைகளை முன்வைத்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரிலே சித்தாண்டியில் தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். அது மந்தைகளின் மேய்ச்சல் உரிமை பற்றியது. மனிதரின் பிழைப்பைப் பற்றியது. அதன் அரசியலை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆயினும் அங்கு எழுந்த அடிப்படை வினா 1840 இல் எழுந்த அதே வினாவாகும். பயிர் நில்லாத நிலம் பயனற்ற நிலமா? பட்டிக்காரருக்குப் பதில் தெரியும். அவர் மந்தையோடு நடந்த தரையிலே பூத்த பூவின் பெயரும் அவருக்குத் தெரியும். அந்தப் பெயர்களை அறியாதோர் கல்வி கற்ற நாமே.

ஆகவே இரு பணிகள் நம்முன் உள்ளன. ஒன்று வரலாற்று மாணவர்க்குரியது. கச்சேரிப் பதிவுகளையும் நிலவரைபடங்களையும் உறுதிகளையும் நெல்வயலின் கண்கொண்டு மட்டும் வாசியாது, அவற்றிலே தரிசு எனவும் வெளி எனவும் குறிக்கப்பட்ட இடங்களை மீண்டும் தேடிக் காணுதல் வேண்டும். ஓரிடத்துக்கு மடு, வட்டை, வெளி, பட்டி என முடியும் பெயர் இருப்பின் அதுவும் ஒரு சான்றே. மற்றொன்று நம் எல்லோர்க்கும் உரியது. படுவான்கரை முதியோரும் பண்ணையாளரும் கரையோர வேடரும் அறிந்துள்ள பூப்பெயர்களையும் தேன்பருவங்களையும் அவர்கள் வாழும் காலத்திலேயே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். 1978 நவம்பர்ச் சூறாவளியும் நீண்ட போரும் 2004 ஆழிப்பேரலையும் ஏடுகளையும் மனிதரையும் ஒருங்கே கொண்டுசென்ற மண் இது. இங்கு நினைவையும் ஓர் ஆவணமாகக் கொள்ளாவிடின் வரலாறு பாதியாகவே எழுதப்படும்.

மழை ஓய்ந்த ஒரு காலைவேளையிலே புளியந்தீவுக் கோட்டை மதிலோரப் புற்றரையை இக்கட்டுரையாளர் நின்று நோக்கியதுண்டு. தும்பையும் தொட்டாச்சுருங்கியும் பூத்திருந்தன. தொட்டாச்சுருங்கியில் சிறு தேனீக்கள் காலில் மகரந்தம் சுமந்து திரிந்தன. சற்று அப்பால் எருக்கிற் கருவண்டு ஒன்று. வெயில் ஏறுமுன் அவை வாவியைக் கடந்தோ மரப்பொந்துக்கோ சென்று மறைந்தன. கோட்டையின் கற்சுவர் நிழலில், ஆவணத்தில் ஏறாத வாழ்வு அவ்வாறு நிகழ்ந்துகொண்டிருந்தது. தேன் நாடு என்னும் பெயர் நமக்குப் பெருமையாக அமைந்தது அந்தச் சிறு உயிர்களின் உழைப்பினாலும் அவற்றுக்கு இடமளித்த நிலத்தினாலுமே. அந்நிலத்தைத் தரிசு என்று எழுதும் கை நம்முடையதாக இருத்தலாகாது.